பிரிட்டனில் படிக்கப் போறீங்களா? தரவரிசையோடு இதையும் பாருங்க

பிரிட்டனில் இளநிலைப் பட்டப்படிப்புக்கு யூகாஸ் தளம் வழியாக 5 இடங்கள் வரை விண்ணப்பிக்கலாம். கடைசியில் போய்ச் சேரப்போவது ஒன்றில்தான். அதைத் தேர்ந்தெடுக்கத் தரவரிசைப் பட்டியல் மட்டும் போதுமா?

'சரி' சொல்றதுக்கு முன்னாடி இந்த 5 கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

1. சிங்கப்பூர் திரும்பினால் பட்டம் செல்லுமா?

சட்டம் படிக்க நினைப்போருக்கு இதுதான் முதல் கேள்வி. 2016ஆம் கல்வியாண்டிலிருந்து சிங்கப்பூர் அங்கீகரிக்கும் பிரிட்டிஷ் சட்டக் கல்விக்கூடங்களின் எண்ணிக்கை 19இலிருந்து 11ஆகக் குறைக்கப்பட்டது. நீக்கப்பட்டவற்றில் மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களும் உண்டு. பட்டியலில் இல்லாத இடத்தில் படித்துவிட்டு இங்கே வழக்கறிஞராவது மிகக் கடினம். மருத்துவத்துக்கும் அங்கீகாரப் பட்டியல் இருக்கிறது. பணம் கட்டும் முன் இப்போதைய பட்டியலைச் சரிபாருங்கள்.

2. மொத்தம் எவ்வளவு ஆகும்?

கல்விக் கட்டணம் ஒரு பகுதிதான்.

• சுகாதாரக் கட்டணம்: மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட். முழுக் காலத்துக்கும் சேர்த்து, விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே கட்டணும்.
• படிப்புக் காலம்: இங்கிலாந்தில் பெரும்பாலும் 3 ஆண்டு. ஸ்காட்லாந்தில் வழக்கமாக 4 ஆண்டு. ஓராண்டுச் செலவு கூடும்.
• கல்விக் கட்டணம் ஆண்டுதோறும் உயருமா? எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க. பட்டப்படிப்பு மாணவர்கள் கல்வித் தவணையின்போது வாரத்துக்கு 20 மணிநேரம்தான் வேலை செய்யலாம்.

3. வகுப்பு எப்படி இருக்கும்?

வரலாறு, இலக்கியம் போன்ற பாடங்களில் வகுப்பு நேரம் குறைவு. வாசிப்பும் கட்டுரையும்தான் அதிகம். 'இதைப் படி, அதைப் படி' என்று யாரும் பின்னாலேயே வரமாட்டார்கள்.

மதிப்பெண்ணைப் பார்த்தும் பதறாதீங்க. அங்கே 70 எடுத்தாலே 'ஃபர்ஸ்ட்', அதாவது முதல் வகுப்பு. இங்கே 65 என்றால் முகம் வாடும். அங்கே அது நல்ல மதிப்பெண்.

4. எங்கே தங்குவது?

முதலாண்டில் பல பல்கலைக்கழகங்கள் விடுதி தரும். இரண்டாம் ஆண்டில் பலரும் நண்பர்களோடு வெளியே வீடு எடுப்பார்கள். வந்து சில மாதங்களிலேயே தேடல் தொடங்கிவிடும். வாடகைக்குப் பொறுப்பேற்க, பிரிட்டனில் வசிக்கும் ஒருவரை வீட்டு உரிமையாளர்கள் கேட்பதுண்டு. அப்படி யாரும் இல்லையென்றால் பல்கலைக்கழகம் உதவுமா என்று இப்போதே விசாரியுங்கள்.

டிசம்பரில் மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆண்டு முழுக்க 7 மணி வரை வெளிச்சம் பார்த்துப் பழகிய நமக்கு, குளிரைவிட அந்த இருட்டுதான் மனத்தைச் சோர்வாக்கும். சோர்வு நீடித்தால் பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

5. படிச்சு முடிச்சதும் அங்கேயே வேலை பார்க்கலாமா?

பட்டதாரி விசா இதுவரை 2 ஆண்டு தங்க அனுமதித்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம்தான். அங்கே சம்பாதித்துக் கல்விக் கடனை அடைக்கும் திட்டம் இருந்தால், கணக்கை மறுபடியும் போடுங்கள்.

இறுதியாக ஒன்று: நீங்கள் சேரப்போகும் அதே துறையில் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடமாவது பேசுங்கள். அங்குள்ள சிங்கப்பூர் மாணவர் சங்கம் வழியாகத் தொடர்புகொள்ளலாம். வாரத்தில் எத்தனை மணிநேரம் வகுப்பு, மாதம் எவ்வளவு செலவு என்று கேளுங்கள். தரவரிசைப் பட்டியலில் அந்தப் பதில் இருக்காது.