ஆறு வயதில் அரிதாரம் பூசியவர்



என் தாத்தா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மாரியம்மன் திருவிழா வந்தால் மட்டும் ஆசையாக வளர்த்த மீசையை எடுத்துவிடுவார். கோயில் திடலில் விடிய விடிய நடக்கும் ‘பவளக்கொடி’ நாடகத்தில் அவர்தான் பவளக்கொடி. மறுநாள் பெரட்டுக்குப் போகும்போது கண்ணில் மை அழியாமல் இருக்குமாம். தண்டல் சிரிப்பாராம். “கூத்தாடிப் பயல்” என்று சொன்னவர்களும் உண்டு. அதனாலோ என்னவோ, தம் நாடகக் கதையைத் தாத்தா எங்களிடம் வாய் திறந்து சொன்னதே இல்லை.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் ஒரு புத்தகம் கைக்குக் கிடைத்தது. ஔவை தி. க. சண்முகம் தம் மேடை அனுபவங்களைத் திரும்பிப் பார்த்து எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’. 1972-இல் வெளிவந்த நூல். அதைப் படித்த பிறகுதான் தாத்தா ஆடிய ஆட்டத்துக்கு எவ்வளவு பெரிய பரம்பரை இருக்கிறது என்று புரிந்தது.

சண்முகம் 1912-இல் பிறந்தவர். தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளையும் பெண் வேடம் கட்டிய நடிகர்தான். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் கம்பெனி தொடங்கியது. ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். ‘பவளக்கொடி’, ‘வள்ளி திருமணம்’, ‘கோவலன்’ என்று நம் தாத்தா பாட்டிமார் அறிந்த நாடகங்களை எல்லாம் மேடைக்கு எழுதித் தந்தவர் அவரே. அண்ணன்மார் சங்கரன், முத்துசாமியோடு சண்முகமும் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார். அப்போது வயது ஆறு! நம் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைக்கே ஏழு வயது ஆகிறது.

இதைத்தான் ‘பாய்ஸ் கம்பெனி’ என்பார்கள். ராஜா, ராணி, எமன், விதூஷகன் எல்லாருமே பையன்கள். சாப்பாடு, படுக்கை, பாடம் எல்லாம் கம்பெனி வீட்டில். பகலில் பாட்டும் வசனமும் மனப்பாடம், இரவில் நாடகம். சிறுவன் சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்காகச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். பள்ளிக்கூட வாசலே மிதிக்காத எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குத் தமிழும் சங்கீதமும் கிடைத்தது இந்தக் கம்பெனிகளில்தான்.

ஆனால் பெற்றோர் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பையனுக்குக் குரல் உடையும். நாடகக்காரர்கள் அதை ‘மகரக்கட்டு’ என்பார்கள். நேற்று வரை கைதட்டல் வாங்கிய பிள்ளை, குரல் போனதும் பாட முடியாமல் ஒதுங்கி நிற்பான். திரும்பக் குரல் வந்தால் வாழ்வு. வராவிட்டால் அவன் பெயர் யாருக்கும் தெரியாது. தாயைப் பிரிந்து ஊர் ஊராகப் போன அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

சுவாமிகள் 1922-இல் காலமானார். 1925-இல் அண்ணன் தம்பிகள் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். கடைசித் தம்பி பகவதியும் பெரிய நடிகர். ‘டி. கே. எஸ். சகோதரர்கள்’ என்றால் இவர்கள்தான். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இவர்களிடம் நடித்து வளர்ந்தவர். புராணக் கதையோடு நிற்காமல் ‘குமாஸ்தாவின் பெண்’ போன்ற குடும்பக் கதைகளையும், பிற்காலத்தில் ‘இராஜராஜ சோழன்’ போன்ற சரித்திர நாடகங்களையும் மேடையேற்றினார்கள்.

சண்முகத்துக்கு முப்பது வயது இருக்கும்போது, உடல் கூனி, கோலூன்றி, தமிழ்க் கிழவி ஔவையாராக மேடைக்கு வந்தார். அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஆண் பிள்ளைக்குப் பெண் பெயரே பட்டமாயிற்று. கூச்சப்படாமல் அதைத் தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். சென்னையில் ஒரு பெரிய சாலைக்கே இப்போது ஔவை சண்முகம் சாலை என்று பெயர். சிறுவனாக அவர் குழுவில் நடித்த கமல்ஹாசன், 1996-இல் தாம் பெண் வேடமிட்ட படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் வைத்தார். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காத வீடு நம் லயத்தில் உண்டா?

1971-இல் பத்மஸ்ரீ விருது, அடுத்த ஆண்டு புத்தகம். 1973 பிப்ரவரியில் சண்முகம் மறைந்தார். கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்தக் கதை அவரோடு போயிருக்கும்.

என் தாத்தாவின் கதை அப்படித்தான் போயிற்று. தோட்டம் செம்பனையாக மாறியது. லயத்தைக் காலி செய்தபோது கிரீடமும் சவுரி முடியும் வைத்திருந்த தகரப் பெட்டி எங்கே போனதென்று யாரும் கவனிக்கவில்லை.

இந்த ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். பதினோரு பேர் எழுதி வந்தார்கள். ஒரு மாணவியின் கொள்ளுத் தாத்தா ராஜபார்ட் போட்டவராம். இப்போது காது கேட்காது. “அல்லி ராணி” என்று பேத்தி காதருகில் கத்தியதும், படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டாராம். பாட்டு நீளமாக இருந்ததால் பாதிதான் எழுத முடிந்தது என்று அந்தப் பிள்ளை நோட்டில் குறிப்பு எழுதியிருக்கிறாள். மீதியை எழுத அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் போகிறேன்.