ஒரே கமாண்டில் காலியான 300 ஜிபி டேட்டா... காப்பாற்றிய ‘ஸ்னாப்ஷாட்’ - இது எப்படி வேலை செய்கிறது?

ஒரே ஒரு கமாண்ட். சில நொடிகள்தான். சுமார் 300 ஜிபி டேட்டா காலி!

2017 ஜனவரி 31-ம் தேதி, ‘கிட்லேப்’ தளத்தில் நடந்தது இது. உலகெங்கும் உள்ள மென்பொருள் பொறியாளர்கள் தாங்கள் எழுதும் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளம் அது. டேட்டாபேஸில் ஏற்பட்ட கோளாறைச் சரிசெய்து கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணை சர்வரில் இருந்த ஃபோல்டரை அழிப்பதாக நினைத்து, முதன்மை சர்வரில் இருந்ததை அழித்துவிட்டார். தவறு புரிந்து நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சரி, பேக்-அப் இருக்குமே என்று தேடினார்கள். அங்கேதான் அடுத்த அதிர்ச்சி. தினமும் எடுக்கப்பட வேண்டிய பேக்-அப், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் தோல்வி அடைந்து கொண்டே இருந்திருக்கிறது. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

கடைசியில் கைகொடுத்தது ஒரு ‘ஸ்னாப்ஷாட்’. விபத்துக்குச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு, வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக எடுக்கப்பட்டது அது.

அது என்ன ஸ்னாப்ஷாட்? பேக்-அப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பார்க்கலாம்.

ஸ்னாப்ஷாட் என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட நொடியில் டிஸ்க்கில் என்னென்ன இருந்ததோ, அந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பதுதான் ஸ்னாப்ஷாட். பெயரைக் கேட்டால் டேட்டா முழுவதையும் இன்னொரு பிரதி எடுப்பது போலத் தோன்றும். ஆனால், எடுக்கும் நேரத்தில் டேட்டா எதுவுமே நகலெடுக்கப்படுவதில்லை என்பதுதான் இதன் சூட்சுமம்.

500 பக்கக் கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய கணக்கைப் பத்திரப்படுத்த 500 பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுக்கலாம். நேரமும் ஆகும், காகிதமும் ஆகும். இன்னொரு வழி: எந்தக் கணக்கு எந்தத் தாளில் இருக்கிறது என்று சொல்லும் பொருளடக்கத்தை மட்டும் ஒரு பிரதி எடுத்துவிட்டு, ‘இனி பழைய தாளில் யாரும் அடித்துத் திருத்தக் கூடாது, மாற்றம் இருந்தால் புதுத் தாளில் எழுதுங்கள்’ என்று விதி போட்டுவிடலாம்.

நாளை 120-ம் பக்கத்தில் ஒரு திருத்தம் வருகிறது. அதைப் புதுத் தாளில் எழுதி, புதிய பொருளடக்கத்தில் குறித்துக்கொள்வார்கள். பழைய பொருளடக்கம் பழைய தாளையே காட்டும். கூடுதலாகச் செலவானது ஒரே ஒரு தாள். மீதி 499 தாள்களும் இரண்டு பொருளடக்கத்துக்கும் பொது. அவ்வளவுதான் விஷயம்!

இடம் ஏன் குறைவாகப் பிடிக்கிறது?

கணினியில் தாளுக்குப் பதில் ‘பிளாக்’. பல ஃபைல் சிஸ்டங்களில் ஒரு பிளாக்கின் அளவு 4 கேபி. 1 டிபி டிஸ்க்கில் இப்படி 20 கோடிக்கும் மேற்பட்ட பிளாக்குகள் இருக்கும். எந்த ஃபைல் எந்த பிளாக்குகளில் இருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது அந்தப் பட்டியல் காப்பாற்றப்படுகிறது. பல சிஸ்டங்களில் முழுப் பட்டியலைக்கூட நகலெடுப்பதில்லை. அதன் தொடக்கப் புள்ளியை மட்டும் குறித்து வைத்தாலே போதும். அதனால்தான் எத்தனை டிபி இருந்தாலும் ஸ்னாப்ஷாட் பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1 டிபி டேட்டாவை 30 நாள்கள் தினமும் முழுதாக நகலெடுத்தால் 30 டிபி இடம் வேண்டும். ஆனால், ஒரு நாளில் மாறுவது 10 ஜிபி மட்டுமே என்றால், 30 நாள் ஸ்னாப்ஷாட்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 300 ஜிபி போதும். மாறாத டேட்டாவுக்குக் கூடுதல் இடமே தேவையில்லை.

செலவு குறைவு என்பதால் அடிக்கடி எடுக்கலாம், மணிக்கு ஒருமுறைகூட. காலை 11.40-க்கு யாராவது தவறுதலாக ஃபைலை அழித்துவிட்டால், 11 மணி நிலைக்குத் திரும்பிவிடலாம். இழப்பு, இடையில் செய்த 40 நிமிட வேலை மட்டும்தான்.

இரண்டு வகை

முதல் வகையில், ஒரு பிளாக் மாறப்போகிறது என்றால், அதில் இருக்கும் பழைய டேட்டா முதலில் தனியாக ஒதுக்கிய இடத்துக்கு நகலெடுக்கப்படும். பிறகுதான் புதியது எழுதப்படும். லினக்ஸில் உள்ள ‘எல்விஎம்’ பல காலமாகப் பயன்படுத்தும் முறை இது. ஒரு முறை எழுத வேண்டியதற்குக் கூடுதல் வேலை என்பதால் வேகம் குறையும். ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் அந்த ஸ்னாப்ஷாட்டே செல்லாமல் போய்விடும்.

இரண்டாவது வகையில், பழைய பிளாக்கைத் தொடுவதே இல்லை. புதிய டேட்டா எப்போதும் காலி இடத்தில்தான் எழுதப்படும். நெட்ஆப் நிறுவனத்தின் ஸ்டோரேஜ் கருவிகளும், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய ‘இசட்எஃப்எஸ்’ ஃபைல் சிஸ்டமும் இப்படித்தான் இயங்குகின்றன.

ஃபைலை அழித்தும் இடம் கிடைக்கவில்லையே?

பலருக்கும் வரும் சந்தேகம் இது. 50 ஜிபி வீடியோவை அழித்திருப்பார்கள். டிஸ்க்கில் காலி இடம் கூடியே இருக்காது. காரணம், பழைய ஸ்னாப்ஷாட் ஒன்று அந்த பிளாக்குகளை இன்னும் பிடித்து வைத்திருக்கும். அந்த ஸ்னாப்ஷாட் நீக்கப்பட்டால்தான் இடம் விடுபடும்.

எனவே, ஸ்னாப்ஷாட் ‘இடமே பிடிக்காது’ என்பது சரியல்ல. எடுக்கும்போது பிடிக்காது, நாள் ஆக ஆக, டேட்டா மாற மாற அதுவும் வளரும். மணிக்கு ஒன்று எடுத்தால் ஒரு நாள் வரை, தினம் ஒன்று எடுத்தால் ஒரு மாதம் வரை என்று கெடு வைத்துப் பழையதை நீக்குவது இதனால்தான்.

அப்போ பேக்-அப் தேவையில்லையா?

கட்டாயம் தேவை. மீண்டும் அந்தக் கணக்குப் புத்தகத்துக்கே வருவோம். 499 தாள்கள் இரண்டு பொருளடக்கத்துக்கும் பொது என்று பார்த்தோம் அல்லவா? புத்தகமே தீயில் எரிந்துவிட்டால் இரண்டு பொருளடக்கமும் வீண். ஸ்னாப்ஷாட்டும் அப்படித்தான். அசல் டேட்டா இருக்கும் அதே டிஸ்க்கில்தான் அது வாழ்கிறது. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். இடத்தை மிச்சப்படுத்தும் அதே தன்மைதான் அதன் பலவீனமும்.

ரான்சம்வேர் தாக்குதலிலும் இதைக் கவனிக்க வேண்டும். டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும்போது, முந்தைய ஸ்னாப்ஷாட் இருந்தால் பணம் கொடுக்காமலேயே மீளலாம். இது தாக்குபவர்களுக்கும் தெரியும். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய ‘வானாக்ரை’, விண்டோஸ் வைத்திருக்கும் நிழல் பிரதிகளையும் சேர்த்தே அழித்தது. நிர்வாகி நினைத்தாலும் குறிப்பிட்ட காலம் வரை அழிக்க முடியாத ‘பூட்டிய’ ஸ்னாப்ஷாட் வசதியை ஸ்டோரேஜ் நிறுவனங்கள் தருவது இதற்காகத்தான்.

நிபுணர்கள் சொல்லும் ‘3-2-1’ விதி இங்கே உதவும். டேட்டாவுக்கு 3 பிரதிகள், 2 வெவ்வேறு வகைச் சாதனங்களில், அதில் 1 வேறு இடத்தில்.

நம்ம கணினியில் இருக்கிறதா?

இருக்கிறது. ஆப்பிள் மேக்கில் ‘டைம் மெஷின்’ வசதியை இயக்கினால், மணிக்கு ஒருமுறை ஸ்னாப்ஷாட் எடுத்து 24 மணி நேரம் வரை வைத்திருக்கும். விண்டோஸில் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஆனால், சிஸ்டம் ரீஸ்டோர் மீட்பது விண்டோஸின் அமைப்புகளைத்தான்; உங்கள் புகைப்படங்களையும் ஆவணங்களையும் அல்ல.

கிட்லேப் என்ன ஆனது?

அன்று எடுத்த ஸ்னாப்ஷாட் அதே சர்வரோடு நின்றுவிடவில்லை. சோதனைக்கான வேறொரு சர்வரில் ஏற்றப்பட்டிருந்தது. அங்கிருந்துதான் டேட்டா திரும்பி வந்தது. டிஸ்க்குகள் மெதுவானவை என்பதால் நகலெடுக்கவே சுமார் 18 மணி நேரம் ஆனது. மீட்புப் பணியை அந்த நிறுவனம் யூடியூபில் நேரலையாகவும் காட்டியது. பயனர்கள் எழுதிய நிரல்கள் தப்பின. ஆனால், ஸ்னாப்ஷாட்டுக்கும் விபத்துக்கும் இடைப்பட்ட சுமார் 6 மணி நேரத்தில் டேட்டாபேஸில் பதிவானவை திரும்பவில்லை. சுமார் 5,000 புராஜெக்டுகள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன.

அந்தத் தற்செயலான ஸ்னாப்ஷாட் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், இழப்பு இன்னும் பல மடங்கு பெரிதாக இருந்திருக்கும். உங்கள் அலுவலகத்தில் ஸ்னாப்ஷாட் எடுக்கப்படுகிறதா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். அதிலிருந்து ஒரு ஃபைலையாவது கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள்!