வில்லில் நாண் ஏற்றுவது எப்படி? பலத்தைவிட முறைதான் முக்கியம்... காலுக்கு நடுவில் வைத்து வளைக்காதீங்க!

வேலூரில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர் போனால் அமிர்தி. ஜவ்வாது மலைக்கு வேலூர் பக்கத்து வாசல் மாதிரி. விடுமுறை நாளில் மான், மயில் பார்க்கவும் அருவியில் குளிக்கவும் கூட்டம் கூடும் இடம். இதே மலைத்தொடரின் தெற்குப் பக்கம் இறங்கினால் செங்கம். அந்த வட்டாரத்தில் ஏராளமான நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. ஆநிரைச் சண்டைகளில் இறந்த வீரர்களுக்காகப் பல்லவர் காலத்தில் நட்ட கற்கள். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி பதிப்பித்த நூலால் இவை பரவலாகத் தெரியவந்தன. பல கற்களில் வீரன் ஒரு கையில் வாளும் மறு கையில் வில்லுமாக நிற்கிறான்.

கல்லில் இருக்கும் வில் எப்போதும் வளைந்தே இருக்கும். ஆனால் நிஜ வில் அப்படியில்லை. வேலை இல்லாத நேரத்தில் அது கிட்டத்தட்ட நேரான ஒரு கம்பு. அதை வளைத்து நாணை மாட்டும் அந்த அரை நிமிடம்தான் வில்லுக்கும் ஆபத்து, வில்லாளிக்கும் ஆபத்து. அம்பே இல்லாமல் கண்ணில் அடிபடுவது இந்தக் கட்டத்தில்தான்.

இப்போ இதைப் பேச என்ன காரணம்? மர வில், மூங்கில் வில் எல்லாம் ஆன்லைனிலேயே கிடைக்கிறது. தேசிய அளவிலான வில்வித்தைப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்ட்' என்ற மூங்கில் வில் பிரிவு இருப்பதால் பள்ளிப் பிள்ளைகளும் வாங்குகிறார்கள். ராஜஸ்தானின் பழங்குடிக் குடும்பத்தில் மூங்கில் வில்லோடு வளர்ந்து, 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக்கில் ஆடிய லிம்பா ராம் கதையைக் கேட்டு ஆர்வமாக வருபவர்களும் உண்டு. பெட்டியைப் பிரித்ததும் முதலில் செய்வது, வில்லை முழங்காலில் வைத்து அழுத்துவது. தப்பு அங்கேயே ஆரம்பிக்கிறது.

நாணைக் கழற்றி வைப்பது ஏன்?

வில் வளையும்போது இலக்கைப் பார்க்கும் வெளிப்பக்கம் இழுபடுகிறது. நம்மைப் பார்க்கும் உள்பக்கம் நசுங்குகிறது. வெளிப்பக்கத்தை முதுகு என்றும், உள்பக்கத்தை வயிறு என்றும் சொல்வார்கள். நாண் பூட்டியபடியே நாள் கணக்கில் சுவரில் மாட்டி வைத்தால், வயிற்றுப்பக்க நார்கள் நசுங்கிய நிலையிலேயே தங்கிவிடும். வில் நிரந்தரமாக வளைந்து வேகம் குறையும். அதனால்தான் மர வில்லில் எய்து முடித்ததும் நாணைக் கழற்றுகிறார்கள். ஆக ஒவ்வொரு முறையும் ஏற்றி ஏற்றிக் கழற்ற வேண்டும். சரியான முறையைப் பழகியே ஆக வேண்டும் என்பது இதனால்தான்.

ஏற்றுவதற்கு முன்னால்...

வில்லின் முதுகில் ஒரு பஞ்சுத் துண்டை மெதுவாகத் தேய்த்து வாருங்கள். எங்காவது பஞ்சு சிக்கினால் அங்கே நார் கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். குறுக்கே விரிசல் கண்ணில் பட்டால் அந்த வில்லை வளைக்கவே வேண்டாம். பசை போட்டு ஒட்டி ஒரு தடவை பார்ப்போம் என்ற யோசனையும் வேண்டாம். மூங்கில் வில் என்றால் தோல் பக்கத்தைச் சுரண்டி, தேய்த்து அழகுபடுத்தாதீர்கள். மூங்கிலின் பலமான நார் எல்லாம் அந்தத் தோலை ஒட்டித்தான் இருக்கிறது.

அடுத்தது நாண். இழை பிய்ந்திருக்கிறதா, முனையில் உள்ள வளையங்கள் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நீளமும் முக்கியம். நீள வில்லில் இரு முனைப் பள்ளங்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட நாண் ஏறக்குறைய 3 அங்குலம் குறைவாக இருக்கும். இன்னும் குட்டையான நாணை வலுக்கட்டாயமாக மாட்டினால் வில்லுக்குத் தேவையில்லாத சுமை.

நாண் எதால் ஆனது என்பதையும் கவனிக்க வேண்டும். நம்ம ஊர் வறண்ட புதர்க்காடுகளில் மருள் என்று ஒரு செடி உண்டு, மரல் என்றும் சொல்வார்கள். கத்தி மாதிரி தடித்த இலை. அந்த நாரில் நாண் திரித்ததால் ஆங்கிலத்தில் அதற்கு 'வில்நாண் சணல்' என்றே பெயர். தொட்டியில் வளர்க்கிற 'ஸ்நேக் பிளான்ட்' இதற்குச் சொந்தக்காரச் செடிதான்! இன்றைய மர வில்லுக்கு டேக்ரான் எனப்படும் பாலியஸ்டர் நாண் பொருத்தம். அது கொஞ்சம் நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நவீன வில்லுக்கான, நீளவே நீளாத நாணைப் பழைய மர வில்லில் மாட்டினால் முனை பிளந்துபோக வாய்ப்பு அதிகம்.

எந்தப் பக்கம் வளைப்பது? சிரிக்காதீங்க, தலைகீழாக வளைத்து உடைப்பவர்கள் உண்டு. பழகிய நேர் வில்லில் லேசான வளைவு ஏற்கனவே இருக்கும். அது எந்தப் பக்கம் குழிந்திருக்கிறதோ அதுதான் வயிறு, நாண் வரவேண்டிய பக்கம். ஆனால் முனைகள் எதிர்ப்பக்கம் மடங்கிய 'ரிகர்வ்' வகை வில்லுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சந்தேகம் இருந்தால் வளைக்காமல் பயிற்சியாளரிடம் காட்டிவிடுவது நல்லது.

பாதுகாப்பான முறை: ஸ்ட்ரிங்கர்

இருபுறமும் தோல் உறை தைத்த ஒரு கயிறு, அவ்வளவுதான் ஸ்ட்ரிங்கர். விலையும் அதிகமில்லை.

முதலில் நாணின் கீழ் வளையத்தை வில்லின் கீழ்ப் பள்ளத்தில் உட்கார வையுங்கள். மேல் வளையத்தை வில்லின் மேல் முனை வழியாக நுழைத்து, பள்ளத்தைத் தாண்டிக் கீழே தளர்வாக விட்டு வையுங்கள். ஸ்ட்ரிங்கரின் உறைகளை இரு முனைகளிலும் மாட்டுங்கள். சிலவற்றில் ஒரு பக்கம் உறைக்குப் பதில் பட்டையான தோல் இருக்கும். அது மேல் வளையத்துக்குச் சற்றுக் கீழே வில்லின் முதுகில் பதியும்.

இப்போது வில்லைத் தரைக்குக் கிடையாகப் பிடியுங்கள். முதுகு வானத்தைப் பார்க்க வேண்டும், வயிறு தரையைப் பார்க்க வேண்டும். தொங்கும் கயிற்றை இரு பாதங்களாலும் தோள் அகலத்துக்கு மிதித்து நில்லுங்கள். நடுப்பிடியைப் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். வில் இரு பக்கமும் சமமாக வளையும். மறுகையால் மேல் வளையத்தை நகர்த்திப் பள்ளத்தில் மாட்டுங்கள்.

உடனே கயிற்றை விட்டுவிடக் கூடாது. பாதி சுமையில் நிறுத்தி, இரண்டு வளையமும் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெதுவாக இறக்குங்கள். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்த்தால், வளையம் நழுவி, வில் ஒரே உதறலாக நிமிரும். முகம் எப்போதும் முனைகளுக்கு நேராக இருக்கக் கூடாது. கண்ணாடி அணிந்துகொண்டால் இன்னும் நல்லது. பக்கத்தில் குழந்தைகள் நின்றால் முதலில் அவர்களை நகர்த்துங்கள்.

ஸ்ட்ரிங்கர் இல்லாமல் முடியாதா?

முடியும். அனுபவமுள்ளவர்கள் கீழ் முனையைப் பாதத்தின் உள்விளிம்பில் ஊன்றி, முதுகு தங்கள் பக்கம் இருக்கும்படி வைத்து, ஒரு கையால் நடுப்பிடியைத் தங்களை நோக்கி இழுப்பார்கள். மறுகை உள்ளங்கை மேல் பகுதியை வெளியே தள்ளும், விரல்கள் வளையத்தை மேலேற்றும். இதில் நாணுக்கும் மரத்துக்கும் நடுவே விரல் சிக்குவதுதான் பெரிய சிக்கல். கீழ் முனையைத் தரையில் ஊன்றுவதும் கூடாது. புதிதாகப் பழகுபவர்கள் பக்கத்தில் தெரிந்தவர் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

வீடியோக்களில் அதிகம் தென்படுவது வேறு ஒன்று. நாணுக்கும் வில்லுக்கும் இடையே ஒரு காலை நுழைத்து, தொடையில் வைத்து வளைப்பது. பார்க்க ஸ்டைலாக இருக்கும். ஆனால் சுமை இரு பக்கமும் சமமாக விழாது, மேல்பாதி பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய வில்லில் நாண் ஒரு பக்கமாக ஓடும், நழுவும். ஆறடி நீள வில்லுக்கு இது சுத்தமாக ஒத்துவராது. சிவதனுசு நாண் ஏற்றும்போது முறிந்ததால் ராமனுக்குக் கல்யாணம் நடந்தது. நம்ம வீட்டு வில் முறிந்தால் கண்ணாஸ்பத்திரிதான்.

ஏற்றிய பிறகு?

கைமுட்டியை மடக்கிப் பிடியின் மேல் வைத்து, கட்டைவிரலை நாணை நோக்கி நீட்டுங்கள். விரல் நுனி நாணைத் தொட்டால் சரியான இடைவெளி. கணக்குப்படி 6 முதல் 7 அங்குலம். குறைவாக இருந்தால் நாண் மணிக்கட்டில் அடிக்கும். கழற்றி, நாணைச் சில சுற்று முறுக்கி மீண்டும் மாட்டினால் இடைவெளி கூடும். அதற்குப் பிறகு முழுசாக இழுத்துவிடாமல் கால்வாசி, அரைவாசி என்று சில தடவை இழுத்து வில்லைப் பழக்க வேண்டும்.

அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. 40 பவுண்டு வில்லை முழுசாக இழுக்கும்போது அதில் தேங்கும் ஆற்றல், 5 கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து போடுவதற்குச் சமம். அம்பு இருந்தால் பெரும்பகுதியை அது கொண்டுபோகும். இல்லாவிட்டால் முழுக்க வில்லுக்குள்ளேயே அடிக்கும்.

கழற்றும்போதும் அதே ஸ்ட்ரிங்கர், அதே முறை, தலைகீழ் வரிசையில். கத்தியால் நாணை அறுத்துக் கழற்றுவது வில்லையே காலி செய்யும். கழற்றிய வில்லை இரண்டு ஆணிகளில் கிடையாக வையுங்கள். மே மாத வெயிலில் நிற்கும் கார் டிக்கிக்குள் வேண்டவே வேண்டாம்.

அமிர்திக்கு எடுத்துப் போகலாமா?

வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் துப்பாக்கி, கண்ணியோடு வில், அம்பும் இருக்கிறது. வேட்டையாட முயற்சி செய்வதே அந்தச் சட்டப்படி வேட்டைதான், அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. சோதனை போடவும், ஆயுதத்தைப் பறிமுதல் செய்யவும் வனத்துறையினருக்கு அதிகாரம் இருக்கிறது. நாண் ஏற்றிய வில், ஏற்றாத வில் என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. வில் செய்கிறேன் என்று காப்புக்காட்டில் மூங்கில் வெட்டினால் அது தனி வழக்கு. பயிற்சிக்கு, பின்னால் மண்மேடு உள்ள மைதானமும் கூடவே ஒரு பயிற்சியாளரும் போதும்.