இளமைக்கு ஓர் இரங்கற்பா

வொர்ட்ஸ்வொர்த் என்னும் ஆங்கிலக் கவிஞர் 1798ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தம் தங்கை டாரதியுடன் வை ஆற்றங்கரைக்குச் சென்றார். 1793இல் ஒருமுறை அங்கே தனியராய்த் திரிந்தவர் அவர். ஐந்தாண்டு கழித்து அதே ஆற்றையும் அதே குன்றுகளையும் கண்டபோது பிறந்த நெடும்பாட்டு, அருகிலிருந்த டின்டர்ன் மடாலயத்தின் பெயரால் வழங்குகிறது. அவரும் கோலரிட்ஜும் சேர்ந்து அவ்வாண்டிலேயே வெளியிட்ட ‘லிரிக்கல் பாலட்ஸ்’ நூலின் இறுதியில் அது நிற்கிறது. சென்னைக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் பயின்றோர் பலருக்கும் அது பழகிய பாடம்.

அப்பாட்டின் கருத்து இதுதான்: முதல் வருகையின்போது இயற்கையின் மேல் தமக்கிருந்த வேகம் இப்போது இல்லை. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில், நகரத்து அறையில் சோர்ந்திருந்த வேளைகளில், அந்த ஆற்றின் நினைவே தமக்கு ஆறுதலாயிற்று. போன இன்பத்துக்கு ஈடாக, மனிதரின் துயரை உணரும் உள்ளம் கிடைத்திருக்கிறது. தங்கைக்கும் இந்த நினைவு பிற்காலத்தில் துணைநிற்கும். முதுமையை எட்டியவர் பேசுவது போன்ற பேச்சு! பேசியவருக்கு அப்போது வயது 28.

இன்னொரு வியப்பும் உண்டு. டின்டர்ன் மடாலயம் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1536இல் மூடப்பெற்றுப் பாழடைந்தது. அந்த இடிபாட்டைத் தலைப்பில் சொல்லிய கவிஞர், பாட்டுக்குள் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அரபுக் கவிதையில் பழகிய கண்ணுக்கு இது உடனே படும். அறியாமைக் காலத்துக் கஸீதாக்கள் பல, காதலியின் கூட்டத்தார் கூடாரம் பெயர்த்துப் போன பாழிடத்தில் நின்று அழுவதில்தான் தொடங்கும். ‘அத்லால்’ என்பது அந்தச் சுவடுகளுக்குப் பெயர். இம்ரவுல் கைஸ் உடன்வந்த தோழரையும் நிறுத்தி அழச் சொல்கிறார். லபீதோ, வெள்ளம் மண்ணை அரித்துப் பழஞ்சுவடுகளை வெளிக்காட்டுவதை, மங்கிய எழுத்தின்மேல் எழுதுகோல் மீண்டும் செல்வதற்கு ஒப்பிடுகிறார். அரபுக் கவிஞர் இடிபாட்டைப் பார்த்தார். ஆங்கிலக் கவிஞர் அதற்கு முதுகு காட்டி ஆற்றைப் பார்த்தார்.

நம் தமிழ்ப் புலவர் ஒருவர் இவ்விரண்டும் செய்யவில்லை. புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடியவர் அவர். இயற்பெயர் மறைந்துபோய், பாட்டில் தம் ஊன்றுகோலைக் குறித்த தொடரே பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கப்பெறுகிறார். பூண் கட்டிய தலையையுடைய கோலை ஊன்றியவர் என்பது பொருள். மணலில் பாவை செய்து பூச்சூட்டிய சிறுமியரோடு குளத்தில் கைகோத்து விளையாடியதையும், வஞ்சகம் அறியாத அக்கூட்டத்தையும் அவர் நினைக்கிறார். துறைக்கரையில் கிளை தாழ்ந்த மருதமரத்தில் ஏறி, பார்ப்பவர் திகைக்க நீரில் பாய்ந்து, ஆழத்து மணலை அள்ளி வந்து காட்டினாராம். இன்றோ கோலூன்றிய நடுக்கம். இருமலுக்கு இடையே இரண்டொரு சொல். அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்று இரங்குவதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. ஈடு கிடைத்ததாக அவர் சொல்லவில்லை.

இப்பாட்டுக்கு வகுத்த துறை கையறுநிலை. தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்று வருந்திப் பாடுவது அது. முந்திய 242ஆம் பாட்டில் சாத்தன் என்னும் வீரன் மாய்ந்தபின் பூத்த முல்லையை நோக்கிக் குடவாயிற் கீரத்தனார் வருந்துகிறார். அதை அடுத்தே இம்முதியவர் நிற்கிறார். இங்கே இறந்தவன் யார்? மரத்திலிருந்து பாய்ந்த அந்தச் சிறுவனே. பாடியவர் உயிரோடிருக்க, அவரது இளமைக்கு இரங்கற்பா! துறை வகுத்த பழந்தமிழ்ச் சான்றோரின் நுட்பம் இதில் விளங்குகிறது. வொர்ட்ஸ்வொர்த்தின் ஆறுதலைப் பழிக்க வேண்டுவதில்லை. 28 வயதில் அப்படித் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் தங்கைக்கு அவர் சொன்ன உறுதி பலிக்கவில்லை. டாரதி 1835 அளவில் மனத்தெளிவு குன்றி, சுமார் இருபதாண்டு வீட்டோடு முடங்கி, 1855இல் மறைந்தார்.

அதே 1855இல்தான் உ.வே.சாமிநாதையர் பிறந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்; நாகூர் குலாம் காதிறு நாவலரும் அதே ஆசிரியரிடம் பயின்றவர் என்பது நம்மவர்க்கு நினைவிருக்கும். சாமிநாதையர் ஏடுகள் தேடி ஒப்புநோக்கி, 1894இல் புறநானூற்றை அச்சேற்றியிராவிட்டால், கோலூன்றிய அந்த முதியவரின் குரல் நம் வீடுகளுக்கு வந்திராது. 85 வயதை எட்டிய காலத்தில் அவரும் தம் இளமையை நினைந்து ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் எழுதிவந்தார், 1942இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாமல் நின்றது.

அவர் திரட்டிய ஏடுகளைக் காக்க, ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1943இல் அடையாற்றில் நூல்நிலையம் தொடங்கப்பெற்றது. இன்று அது பெசன்ட் நகரில், கடற்கரைக்கு அண்மையில் இருக்கிறது. சற்றுத் தொலைவில் பிரம்மஞான சபைத் தோட்டத்துப் பேராலமரம். அதன் அடிமரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகளே இப்போது மரம். வொர்ட்ஸ்வொர்த் கண்டிருந்தால் தம் கட்சிக்குச் சான்றாகக் கொண்டிருப்பார்!

ஏடுகளின் கதை அவ்வளவு எளிதன்று. புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. ஆகவே நம் முதியவருக்கு உரையும் உண்டு. அவருக்கு இருபத்துநான்கு பாட்டுத் தள்ளி, 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் இல்லை. அவற்றில் யார் எதை நினைத்துப் பாடினார்களோ!