சகி: பெயரா, ஏவலா?

வீட்டில் அடிபட்டு வெளியேறும் பெண்களுக்கென்று ஒன்றிய அரசு 2015 ஏப்ரலில் தொடங்கிய மையம், மாவட்டத்துக்கு ஒன்றாக நாகப்பட்டினத்திலும் உண்டு. தமிழில் ‘ஒருங்கிணைந்த சேவை மையம்’. கூப்பிடு பெயர் ‘சகி’.

வடமொழியில் ஸகீ என்றால் தோழி. கூடவே செல்லுதலைக் குறிக்கும் ‘ஸச்’ என்ற வேரின் உறவு. தஞ்சைச் சீமைக்கு இது புதிய சொல்லும் அன்று. தஞ்சை நால்வரின் வர்ணங்களில் நாயகி தன் ஏக்கத்தைக் கொட்டுவது சகியிடம்தான். ஆனால் நாட்டிய மேடையை விட்டிறங்கினால் நம் காதில் ‘சகி’ ஏவல் வினையாகவே விழுகிறது: பொறுத்துக்கொள்! அதன் வேர் வேறு, ‘ஸஹ்’. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்று பிறந்த வீடு திருப்பி அனுப்பியவள், கடைசியில் ‘சகி’யின் வாசலில் போய் நிற்கிறாள். இத்தனைக்கும் ரிக் வேதத்தில் ‘ஸஹ்’ என்பதற்கு வெல்லுதல் என்றே பொருள்; பொறுத்தல் பின்னால் ஏறியது.

நமக்கோ தோழி இருக்கிறாள். தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. தலைவி மறைத்ததை வீட்டாரிடம் எடுத்துரைப்பது அவள் வேலை. ‘அறத்தொடு நிற்றல்’ என்பார்கள். வயலும் வாய்க்காலுமான மருதத்தில், பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனுக்கு வாயில் மறுப்பவளும் அவளே. (பல பாட்டில் பிறகு திறந்தும் விடுகிறாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

2006 அக்டோபர் 26 முதல் நடப்பிலுள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஏறக்குறைய தோழியின் இந்த இரண்டு வேலைகளையும்தான் செய்கிறது. பாதுகாப்பு அலுவலர் நடந்ததை அறிக்கையாக்கி நடுவர் முன் வைக்கிறார். வீடு தன் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. வேண்டுமானால் அடித்தவனையே வெளியேறச் சொல்லி நடுவர் ஆணையிடலாம். வெளியேறியவள் சகி மையத்தில் சில நாள் தங்கலாம். சிகிச்சை, காவல் துறை உதவி, சட்ட உதவி, மனநல ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ். அடிபட்டவள் எழுந்து நிற்க இதுவே முதல் படி. பிறகு அவளுக்கு வேண்டியது சம்பளமும் தங்க ஓர் இடமும்.

வேலைக்குப் போகும் பெண்களின் விடுதிகளுக்குத் தமிழக அரசு ‘தோழி’ என்றே பெயரிட்டுள்ளது. சகி மையத்துக்கும் அதே பெயரை வைக்கலாம். தமிழ்நாட்டில் பொருந்துவது அதுதான். அதுவரை, சொல்லைவிட எண் தெளிவாக இருக்கிறது: மகளிர் உதவிக்கு 181. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்கலாம்.