விதித்தவர் யார்?

விதிக்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. எனக்கு அக்கறை ‘டூம்’ என்ற சொல்லின் மீது. இன்று அதற்குக் கெட்ட முடிவு, அழிவு என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் அது தீர்ப்பு, சட்டம். இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் அரசன் வில்லியம், எந்த நிலம் யாரிடம், என்ன பெறும் என்று 1086இல் கணக்கெடுக்க வைத்தான். ‘டூம்ஸ்டே’ என்ற பெயரை அந்த ஏட்டுக்கு ஜனங்கள்தான் வைத்தார்கள். கடைசித் தீர்ப்பு நாளைப் போல அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஒரு நிலப்பதிவேடு விதியாகிவிட்டது.

அங்கே சட்டம் என்ற பொருள் தேய்ந்துபோயிற்று. தமிழில் தேயவில்லை. சட்டமன்ற விதி 110உம் விதிதான், தலைவிதியும் விதிதான். ஆனாலும் முதலாவது நம் காதில் விழுவதில்லை.

வலையபட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றிக் கேட்டால், ‘பர்மாவுல எல்லாம் போச்சு, விதி’ என்பார்கள். எது போயிற்று? கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த விளைநிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். எட்டே வருஷம். உலக மந்தத்தில் நெல் விலை விழ, கடன் கட்ட முடியாத சம்சாரியின் வயல் அடமானச் சட்டப்படி லேவாதேவிக் கடைக்கு வந்தது. கொண்டுவிக்கப் போனவர்கள் பணத்தைத்தான் கேட்டார்கள், நிலத்தையல்ல என்பார்கள். இருக்கலாம், ஆனால் பத்திரம் அவர்கள் பெயருக்கு மாறியது. வயலை இழந்தவனும் ‘கான்’ என்றுதான் சொல்லியிருப்பான். வினைப்பயனுக்குப் பர்மியச் சொல் அது.

பிறகு 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு. 1948இல் நில தேசியமயச் சட்டம். 1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின் அடுத்த இரண்டு வருஷத்தில் வங்கிகளையும் கடைகளையும் அரசுடைமையாக்கினார்.

சட்டத்தால் வந்த நிலம் சட்டத்தால் போயிருக்கிறது. வந்தபோது அதற்குப் பெயர் சாமர்த்தியம், போனபோது விதி. இந்தச் சொல்லாடலில் பர்மிய உழவனுக்கு இடமே இல்லை என்பதை எங்கள் பக்கத்துக் குடும்ப வரலாறுகள் இன்றும் மௌனமாகவே கடக்கின்றன. நிலமோ கடையோ இல்லாமல் அங்கே கூலிக்குப் போன தமிழர்களுக்கும் அதே கதிதான்.

அவர்களில் அகதிகளாய்த் திரும்பியவர்கள் சென்னையில் பர்மா பஜார் போட்டார்கள். அங்கே ஒரு பெரியவரிடம் விதியைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். ‘விதியெல்லாம் இல்ல தம்பி. 1964ல அம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாதுன்னு கவர்மெண்ட் சொல்லிருச்சு. அப்பாகிட்ட இருந்தது பூரா அந்த நோட்டுதான்’ என்றார்.