கழிவு எவர் கணக்கில்?

உற்பத்தியில் விரயத்தைக் குறைக்க வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். உழைப்பின் பயன் வீணாவதை உழைப்பவனே முதலில் வெறுப்பான். ஆனால் எது விரயம், அதைத் தீர்மானிப்பவர் யார், குறைத்ததனால் வந்த ஆதாயம் யாரைச் சேர்ந்தது என்ற கேள்விகளை வரலாற்றிடந்தான் நாம் கேட்க வேண்டும். மாத்தளை மாவட்டத்தின் தோட்ட வரலாறு இவற்றுக்குத் தெளிவாகவே விடை பகர்கிறது.

இங்கு முதன்முதலில் 'வீண்' என்று பெயர் பெற்றது நிலம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நாட்டப்படாத காடும் தரிசும் அரசுக்கே சொந்தமெனக் கொண்டது. குடியானவன் சேனைப் பயிருக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் நம்பியிருந்த நிலம், சட்டத்தின் கண்ணில் வீணாய்க் கிடக்கும் நிலமாயிற்று. மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. 1848இல் மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் உடனடிக் காரணம்; நிலமிழந்த மனக்குமுறலும் அதன் பின்னால் இருந்தது.

கோப்பிக்கு ஆள் மிகுதியாகத் தேவைப்பட்டது அறுவடைக் காலத்தில். ஆண்டு முழுவதும் ஆளை வைத்துச் சோறிடுவது துரைமாரின் கணக்கில் விரயம். ஆகவே தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து பருவத்துக்குப் பருவம் மக்கள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்தனர். கொள்ளைநோயும் அம்மையும் பசியும் வழிநெடுகப் பலரைப் பலிகொண்டன. கோப்பி மூட்டையின் அடக்கவிலையில் அந்த உயிர்களுக்கு ஒரு சதமும் சேர்க்கப்படவில்லை. துரைமாரின் சிக்கனத்துக்கு விலை கொடுத்தவன் கூலியாளே.

1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தபோது கோப்பியின் வீழ்ச்சி தொடங்கிவிட்டது. தேயிலையும் கொக்கோவும், பின்னர் றப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன.

தேயிலையோ காத்திருக்காத பயிர். இன்று பறித்த கொழுந்து இன்றே ஆலை சேர வேண்டும். சாக்கில் அமுங்கிச் சூடேறினால் தரம் கெடும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். நூறு இறாத்தல் கொழுந்து ஏறத்தாழ இருபத்திரண்டு இறாத்தல் தேயிலையே தரும். வாட்டுவதில், அரைப்பதில், புளிக்க வைப்பதில், உலர்த்துவதில் ஒவ்வொரு படியிலும் இழப்புக்கு இடமுண்டு. ஜாக்சனின் உருட்டுப் பொறியும் டேவிட்சனின் சிறொக்கோ உலர்த்தியும் அந்த இழப்பைக் குறைத்தன. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. சல்லடையில் இறங்கும் தூளும் தரம் பிரிக்கப்பட்டுச் சந்தைக்குச் செல்கிறது. தண்டும் நாரும் நல்ல தேயிலையோடு கலவாதிருக்க 1957ஆம் ஆண்டின் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கழிவுத் தேயிலைக்கு விதி வகுத்தது. இவை மனித அறிவின் வெற்றிகள். இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் ஆலைக்குள் காட்டிய நுணுக்கம் மலைச்சரிவை எட்டவில்லை. புல் பூண்டின்றி நிலத்தைச் சுரண்டித் துப்புரவாக்குவதே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று நெடுங்காலம் கருதினர். ஆலையில் ஒரு பிடித் தூளைக் காத்தவர்கள் மலையின் மேல்மண்ணை மழைக்குக் கொடுத்தனர். பேரேட்டில் அந்த இழப்புக்குப் பத்தியில்லை. மண் பாதுகாப்புச் சட்டம் வர 1951 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தராசடிக்கு வருவோம். கூடைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கொழுந்தின் நிறையில் கழிக்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுநாளையது. உள்ள ஈரத்தைக் கழிப்பது நியாயம். ஆனால் அதற்கு மேல் கழிக்கப்படும் ஒவ்வொரு இறாத்தலும் காற்றில் கரைந்து போவதில்லை. அது ஆலைக்குள் சென்று தேயிலையாகி விலைபோகிறது. பறித்தவள் கணக்கில் மட்டுமே அது கழிவு. குறித்த அளவு எட்டாத நாளுக்கு அவளுக்கு விழுவது 'அரைப் பேர்'. முழு நாள் வெயிலும் மழையும் அட்டைக்கடியும் பட்டவளின் அரை நாள் எங்கே போயிற்று?

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் அவற்றிற் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. 2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபா என்றானதும் பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டது. உடைமை பலமுறை கைமாறியும் கணக்கெழுதும் முறை மாறவில்லை.

விரயத்தை ஒழிப்பது வேறு. அதை எளியவர் தோளுக்கு மாற்றுவது வேறு. முன்னது விஞ்ஞானம்; பின்னது சுரண்டல். மாணவர்க்குப் பொருளியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். மண்ணும் மனிதரும் இடம்பெறும் முழுக் கணக்கை, தராசைப் பிடிப்பவர் தாமாக எழுதப் போவதில்லை. கொழுந்து பறிக்கும் கைகள் தராசையும் பேரேட்டையும் சரிபார்க்கும் உரிமையைப் பெறும்போதே அது எழுதப்படும்.